முந்திக்கொண்ட ஆமென்

இந்தக் கதையில் சீடருக்குத்தான் நரைத்த தலை. பெயர் தேவாசீர்வாதம். ஊர் ஊராகச் சபை நடத்தி ஓய்வு பெற்ற போதகர். குரு எப்சிபாவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. மனநல ஆலோசகர். பல்கலைக்கழகங்களில் படிக்கிற கிறிஸ்தவப் பிள்ளைகள் பெயர் சொல்லாமல் மனம்விட்டு எழுத ஓர் இணையப் பக்கம் நடத்தி வந்தாள்.

"எனக்கும் பதில் எழுதச் சொல்லிக்கொடும்மா" என்று போதகரே அவளிடம் வந்து சேர்ந்தார். கேட்டதென்னவோ பணிவாகத்தான். ஆனால் அறிவுரை சொல்வது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தார்.

ஒருநாள் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: "என்னால ஜெபம் பண்ண முடியல ஐயா. வீட்டுல கேட்டா தினமும் பண்றேன்னு பொய் சொல்றேன். என் விசுவாசம் போயிருச்சா?"

போதகர் உருகிப்போனார். வசனம் மேல் வசனமாக எழுதி, கடைசியில் ஒரு நீண்ட ஜெபமும் எழுதி, ஆமென் போட்டு அனுப்பினார். நல்ல ஜெபம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மாணவியிடமிருந்து பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை.

போதகருக்குச் சோறு இறங்கவில்லை. தம்மை நம்பி வந்த பிள்ளை இனி யாரிடமும் வாய் திறக்காமல் தனியே கிடந்து தவிக்குமோ என்று பயந்தார். எப்சிபாவின் அலுவலகத்துக்கே போய்விட்டார்.

"நான் எழுதினதுல என்னம்மா தப்பு? நீயே வாசிச்சுப் பாரு" என்று போனை நீட்டினார்.

எப்சிபா வாசித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஐயா, எனக்கு இன்னைக்கு மனசே சரியில்ல. ஒரு ஜெபம் பண்ணுங்களேன்."

போதகர் பதறிப்போய்க் கண்ணை மூடினார். வார்த்தைகள் தாமாக வந்தன. மனமுருக ஜெபித்து, "ஆமென்" என்று கண்ணைத் திறந்தால், எப்சிபா கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போற? மனசு சரியில்லன்னியே, என்னன்னு சொல்லவே இல்லையே!"

"நீங்கதான் ஆமென் சொல்லிட்டீங்களே ஐயா. அதுக்கு மேலயும் உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

போதகர் யோசித்துப் பார்த்தார். அவர் போய் ஜெபித்த வீடுகளில் எல்லாம் ஆமென் சொன்ன கையோடு பாயைச் சுருட்டிக் காபி கொண்டுவருவார்கள். அதற்குப் பிறகு யாரும் தங்கள் கஷ்டத்தைச் சொன்னதாக அவருக்கு நினைவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: "மகளே, நான் அவசரப்பட்டு ஆமென் போட்டுட்டேன். நீ சொல்ல வந்தது பாதியில நிக்குதுன்னு நினைக்கேன். மீதியையும் சொல்லுவியா?"

எப்சிபா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் போட்டுக் கொடுத்த டீ ஆறிப்போயிற்று. போதகர் போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பதில் வந்தது.

"அப்பா ஐசியூல இருந்தப்பதான் கடைசியா ஜெபம் பண்ணேன். பிழைச்சிருவாங்கன்னு முழுசா நம்பித்தான் பண்ணேன். இப்ப கண்ணை மூடினாலே அந்த ஆஸ்பத்திரி வராண்டாதான் வருது ஐயா."

போதகரின் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பாதி வசனம் எழுதினார், அழித்தார். வேறொன்று எழுதினார், அதையும் அழித்தார். எத்தனையோ சாவு வீடுகளில் ஆறுதல் சொன்ன மனிதருக்கு அன்று ஒரு வார்த்தைகூடக் கைகொடுக்கவில்லை. இந்த முறை தவறினால் பிள்ளை திரும்பி வரவே மாட்டாள் என்று தோன்ற, போனைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "இதுக்கு நான் என்னத்த எழுத?"

எப்சிபா மெதுவாகச் சொன்னாள்:

"அவங்க அப்பா பேரு என்னன்னு கேளுங்க ஐயா."