கேமராவுக்கு இந்தப் பக்கம்

ஸ்பெயின் தேசத்தில் தோமாசா என்று ஒரு நடிகை இருந்தாள். அவள் முகம் எல்லோருக்கும் தெரியும். பெயர் யாருக்கும் தெரியாது.

மீன் கடையில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு, நீங்கள் எங்கள் தெருவில்தானே குடியிருந்தீர்கள் என்பார். இன்னொரு பெண்மணி, என் இரண்டாவது பிரசவத்துக்கு வந்த நர்ஸ் நீங்கள்தானே என்று கையைப் பிடித்துக்கொள்வார். தோமாசா இல்லை என்று சொன்னதே கிடையாது. குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

நம் ஊரில் இப்படிப்பட்டவர்களைக் குணச்சித்திர நடிகை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அப்புறம் மறந்துவிடுவோம். அங்கேயும் அதே கதைதான். படத்துக்குப் படம் அவளுக்குக் கிடைத்த வேலை கதவைத் திறப்பது, சூப் கொண்டுவந்து வைப்பது, ஜன்னல் திரையை இழுத்துவிடுவது, இறந்தவரின் கண்ணை மூடுவது. கதாநாயகி ஓடிவந்து விழுந்து அழுவதற்கு ஒரு மடி வேண்டும் அல்லவா, அந்த மடி பெரும்பாலும் அவளுடையதாக இருந்தது.

வேஷங்கள் குறைந்த பிறகு கடலோரத்தில் ஒரு சிறிய ஊருக்குக் குடிவந்தாள். மாடியில் ஒரே அறை. அந்த ஊர் தியேட்டரை மூடியபோது அதன் ஆபரேட்டர் ஒரு சின்ன புரொஜெக்டரையும் கொஞ்சம் படச்சுருள்களையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அங்கே மதியம் சாப்பிட்டதும் ஊரே தூங்கும். கடைகளைச் சாத்திவிடுவார்கள், நாய்கூடக் குரைக்காது. அந்த நேரத்தில் தோமாசா ஜன்னலின் மரக் கதவுகளை அடைத்து அறையை இருட்டாக்கிக்கொண்டு, தான் நடித்த படங்களில் ஒன்றைச் சுவரில் ஓடவிடுவாள். பார்ப்பதற்கு இல்லை. புரொஜெக்டர் ஓடும் சத்தம் காதில் விழுந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அப்படி ஒரு மதியத்தில் லியோனோர் வந்து கதவைத் தட்டினாள்.

லியோனோர் யார் என்று அந்த நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, நமக்குத்தான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பெரிய கதாநாயகி. சோப்பு உறையிலிருந்து காலண்டர் வரை அவள் முகம்தான். தோமாசாவைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் மூன்று படங்களில் தோமாசா அவளுக்கு அம்மாவாக நடித்திருக்கிறாள். சினிமாவில் இதெல்லாம் சகஜம். நல்ல உச்சத்தில் இருந்தபோது கல்யாணம் செய்துகொண்டு விலகிப்போனவள், கணவர் காலமான பிறகு இப்போதுதான் மறுபடி நடிக்க வந்திருந்தாள். கிடைத்தது அம்மா வேஷம்.

உள்ளே வந்தவள் கூலிங் கிளாஸைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சின்ன வேஷத்துல எப்படி நடிக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் கொடு. நீ ஆயுசு முழுக்க அதைத்தானே செஞ்சே."

கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னாள். தோமாசா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், என்ன நடந்தது என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். படத்தில் மகள் வீட்டை விட்டுப் போகிறாள், அம்மா வாசலில் நின்று வழியனுப்புகிறாள். வெள்ளிக்கிழமை அந்தக் காட்சியை எடுத்தார்கள். முதலில் லியோனோரின் ஷாட். பிரமாதமாகச் செய்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தது மகளாக நடிக்கும் இரேனே என்ற பெண்ணின் க்ளோசப்.

க்ளோசப்பில் ஒரு முகம்தான் தெரியும். ஆனால் அந்த முகம் யாரையாவது பார்த்தாக வேண்டுமே. அதனால் எதிரில் நடிப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, தான் படத்தில் விழாவிட்டாலும், தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இது அந்தத் தொழிலின் வழக்கம். லியோனோர் என்ன செய்தாள் என்றால், முக்காட்டைக் கழற்றி வைத்தாள், செருப்பை மாற்றிக்கொண்டாள், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காப்பிக்குச் சொல்வதுபோல வசனத்தைச் சொன்னாள். அவள் வேலைதான் முடிந்துவிட்டதே.

இரேனேவுக்கு அழுகை வரவில்லை. கிளிசரின் போட்டுப் பார்த்தார்கள். கண்ணீர் கொட்டியது, கண்ணில் ஒன்றும் இல்லை. டைரக்டர் திரும்பத் திரும்ப எடுத்துவிட்டுக் கடைசியில் பேக்கப் சொல்லி அன்றைய வேலையை நிறுத்திவிட்டார். அப்புறம் லியோனோரைத் தனியாக அழைத்துப் போனார். திங்கட்கிழமை இன்னொரு முறை முயற்சி செய்யலாம், அப்போதும் சரியாக வராவிட்டால் அம்மா வேஷத்துக்கு வேறு ஒருவரைப் போட்டு முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"அழத் தெரியாதது அந்தப் பொண்ணுக்கு. தண்டனை எனக்கா?"



லியோனோர் கூலிங் கிளாஸைக் கழற்றினாள். தூங்கி நாளான கண்கள்.

"இந்த வேஷமும் போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்ல தோமாசா. அந்தப் பெரிய வீட்டுல தனியா உட்கார்ந்து நான் என்ன செய்வேன்?"

தோமாசா எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் பருப்பு சூப் கொண்டுவந்து வைத்தாள். லியோனோர் வைத்தவளை நிமிர்ந்து பார்க்காமலே எடுத்துக் குடித்தாள். படங்களிலும் அவள் அப்படித்தான் குடிப்பாள்.

குடித்து முடித்ததும் கேட்டாள், "நீ நடிச்சதுலயே ரொம்ப நல்லா நடிச்ச இடம் எது? அதைக் காட்டு. பார்த்துக் கத்துக்கறேன்."

"தேடி எடுக்கணும். அதுவரைக்கும் இதைப் பாருங்க," என்று தோமாசா ஏற்கெனவே மாட்டியிருந்த சுருளை ஓடவிட்டாள்.

சுவரில் மழை பெய்தது. ஒரு கதவு திறந்தது, தோமாசா நின்றாள். அந்தச் சுருள் முடிந்து இன்னொன்று ஓடியது. அதிலும் ஒரு கதவு, அதிலும் தோமாசா. அறையில் வெளிச்சக் கற்றைக்குள் தூசி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. லியோனோருக்கு இமை கனத்தது.

கனவில் அவள் நீளமான ஒரு தெருவில் நடந்துகொண்டிருந்தாள். எந்தக் கதவைத் தட்டினாலும் தோமாசா திறந்தாள். ஒரு வீட்டில் கன்னியாஸ்திரீயாக, ஒரு வீட்டில் சமையல்காரியாக, ஒரு வீட்டில் கை நிறைய மாவோடு. எல்லா வீட்டிலும் உள்ளே விளக்கு எரிந்தது. லியோனோர் எந்த வீட்டுக்குள்ளும் போகாமல் அடுத்த கதவுக்குப் போனாள். தெரு முடியவே இல்லை. எங்கேயோ கடல் சத்தம் கேட்டது. அப்புறம் எப்படியோ அவளே ஒரு வீட்டுக்குள் இருந்தாள். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். போய்த் திறக்க வேண்டும் என்று தெரிந்தது, கால் எழவில்லை.

கண் விழித்தபோது சுவர் முழுக்க அவள் முகம் இருந்தது.

இளமையில் நடித்த துறைமுகக் காட்சி. கப்பல் ஏறப்போகும் மகள் திரும்பி அம்மாவைப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. கண் நிறைகிறது, ஆனால் கடைசி வரை வழிவதில்லை. அந்த நாட்டில் இந்த முகத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு.

"இது என்னோட ஷாட்," என்றாள் லியோனோர்.

"ஆமா."

"நான் கேட்டது உன்னோடதை."

"அதைத்தான் போட்டிருக்கேன்."

தோமாசா சுருளைப் பின்னால் சுற்றி மறுபடியும் ஓடவிட்டாள். மறுபடியும் அதே முகம். லியோனோருக்கு எரிச்சலாக வந்தது.

"இதுல நீ எங்கே இருக்கே?"

"நீங்க யாரைப் பார்க்கறீங்க?"

இதற்கு லியோனோரிடம் பதில் தயாராக இருந்தது. பேட்டிகளில் எத்தனையோ முறை சொன்ன பதில். "செத்துப்போன எங்க அப்பாவை நினைச்சுக்கிட்டேன். அதனாலதான் கண்ணு அப்படி வந்தது."

"ரேடியோவுல கேட்டிருக்கேன்," என்றாள் தோமாசா. "அன்னைக்கு உங்க அப்பா ஷூட்டிங் பார்க்க வந்திருந்தார். ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு ரெண்டு கொடுத்தார்."

லியோனோருக்கு நினைவு வந்தது. அப்பா இறந்தது அதற்கு அடுத்த குளிர்காலத்தில். அவள் பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டிருந்தாள், அவ்வளவுதான்.

எழுந்து சுவர் அருகே போனாள். தோமாசா படத்தை அந்த இடத்துக்கே திரும்பவும் கொண்டுவந்தாள். அவ்வளவு பெரிய முகத்தில் கண் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. கருவிழிக்குள் ஒரு சின்ன வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் முக்காடு போட்ட ஒருத்தி நேராக நின்றுகொண்டிருந்தாள். லியோனோர் இன்னும் ஒரு அடி நெருங்கியபோது அவள் நிழலே விழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

"இந்தக் காட்சியில உன் முகம் வரவே இல்லையே. முதுகு மட்டும்தானே வருது."

"உங்க ஷாட் முடியறதுக்குள்ள வெளிச்சம் போயிடுச்சு."

"மறுநாள் எடுத்திருக்கலாமே."

"மறுநாள் கப்பல் இல்ல."

உனக்குக் கோபமே வரவில்லையா என்று லியோனோர் கேட்டாள். வந்தது என்றாள் தோமாசா. ஊர் திரும்பும் பஸ்ஸில் யாரோடும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு இரண்டு ஆரஞ்சையும் தானே தின்று தீர்த்தாளாம்.

சுருள் ஓடி முடிந்தது. சுவரில் வெறும் வெளிச்சம் மட்டும் இருந்தது. லியோனோர் அந்த வெளிச்சத்தில் நின்றபடி, திங்கட்கிழமை நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். இந்த முறை குரலில் குத்தல் இல்லை.

தோமாசா ஆணியில் தொங்கிய பழைய சாம்பல் நிற முக்காட்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். லியோனோரைப் பார்த்தாள்.

"போயிட்டு வா மகளே. கதவைத் தாழ் போட மாட்டேன்."

அந்தத் துறைமுகப் படத்தில் அம்மா சொல்லும் வசனம். மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள். லியோனோருக்குத் தன் வயது மறந்துபோனது. வெளியே கொளுத்துகிற வெயில் மறந்துபோனது. தான் எங்கேயோ தூரமாகப் போகப்போகிறோம், இவளை இனி பார்க்கவே முடியாது என்று தோன்றியது. கண் நிறைந்தது.

தோமாசா முக்காட்டை அவிழ்த்து மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

லியோனோர் முக்காட்டை வாங்கிக்கொண்டு கேட்டாள். "இங்கே யாரும் படம் எடுக்கலையே. எதுக்கு இவ்வளவு மனசு வச்சுச் சொன்னே?"

"அன்னைக்கும் கேமரா என் பக்கம் இல்ல," என்றாள் தோமாசா.

திங்கட்கிழமை போனது. அடுத்த சில நாட்களுக்கு ஒரு தகவலும் இல்லை. மறுபடியும் ஊர் தூங்குகிற நேரத்தில் ஒரு நாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தோமாசா திறந்தாள். வாசலில் லியோனோர், கையில் அந்த முக்காடு.

"நீங்க தூங்கற நேரத்துல வந்துட்டேன்," என்றாள்.

நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். திங்கட்கிழமை அவள் முழு வேஷத்தோடு, முக்காட்டோடு, கேமராவுக்குப் பக்கத்தில் காலையிலிருந்தே நின்றிருக்கிறாள். லைட்டுக்கார ஆள் கொண்டுவந்த நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முதல் டேக்கிலேயே இரேனேவின் கண் நிறைந்துவிட்டது. டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றாராம். அம்மா வேஷம் இனி அவளுடையதுதான், யாரும் மாற்றப் போவதில்லை.

"ஆனா வெள்ளிக்கிழமை கைதட்டினாங்களே, என் ஷாட், அதை வெட்டித் தூக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு முகமே போதுமாம். இப்ப அந்தக் காட்சியில என் முதுகுதான் இருக்கு."

"வலிக்குதா?"

"வலிக்குது."

தோமாசா தலையாட்டினாள். வழியில் என்ன வாங்கினீர்கள் என்று லியோனோரின் இன்னொரு கையில் இருந்த பையைப் பார்த்துக் கேட்டாள். ஆரஞ்சு என்றாள் லியோனோர். இருவரும் சிரிக்கவில்லை. தெருவில் வெயில் மட்டும் நின்றது.

வந்த விஷயம் இன்னும் முடியவில்லை என்பது லியோனோரின் முகத்தில் தெரிந்தது. சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்ததைக் கடைசியில் சொல்லிவிட்டாள்.

"பத்திரிகைக்காரங்க வந்திருந்தாங்க. எப்படி அப்படி நடிச்சீங்கன்னு இரேனேவைக் கேட்டாங்க. ஊரை விட்டு வந்தப்போ தாத்தாவைப் பிரிஞ்சதை நினைச்சுக்கிட்டாளாம். என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல."

"தாத்தா?"

"அவ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். பொறந்ததுல இருந்து ஒரே வீடாம். ஒரு நாள்கூடப் பிரிஞ்சதில்லன்னு அவரே சொன்னார்."

தோமாசா கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, அவள் உள்ளே வர வழிவிட்டு நின்றாள்.

"அப்படின்னா நீங்க நல்லா நடிச்சிருக்கீங்க."