பள்ளத்துக்குப் பொன்னாடை

முன்னொரு காலத்தில் ஒரு பெரிய தலைநகரம் இருந்தது. பெயரைச் சொன்னால் "எங்கள் ஊரையா சொல்கிறாய்?" என்று சண்டைக்கு வருவீர்கள்; அதனால் சொல்லவில்லை. கீர்த்திவளவர் என்ற மன்னர் நாட்டை ஆண்டார். நகரத்தை ஆண்டவை இரண்டு கட்சிகள். மன்னருக்குக் குடை பிடித்த பரம்பரையார் குடைக் கட்சி. விசிறி வீசிய பரம்பரையார் விசிறிக் கட்சி. மூன்று வருஷம் இவர்களில் ஒருவர் நகராதிபதி, அடுத்த மூன்று வருஷம் அவர்களில் ஒருவர். தெரு, சாக்கடை, குடிநீர் எல்லாம் நகராதிபதியின் பொறுப்பு. பொறுப்பு என்று ஓலையில்தான் எழுதியிருந்தது. ஆளிடம் தேடினால் கிடைக்காது.

ஒரு நாள் காலை மன்னருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. யாருக்கும் சொல்லாமல் வடபுறத்தைப் பார்க்க வேண்டுமாம். சொல்லிவிட்டுப் போனால்தான் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து வைத்துவிடுகிறார்களே! பல்லக்கு செக்கடித் தெருவில் திரும்பியதும், முன்னால் தூக்கிச் சென்ற மாசிலாமணி என்பவன் ஒரு பள்ளத்தில் காலை விட்டான். கணுக்கால் முறிந்தது. பல்லக்கு சாய்ந்தது. மன்னர் சேற்றில் மல்லாந்து கிடந்தார். தெருவே சிரிப்பை அடக்கப் பட்ட பாடு தெய்வத்துக்குத்தான் தெரியும்.

மாலையில் சபை கூடியது. அப்போது குடைக் கட்சிக் கொழுந்துவேள்தான் நகராதிபதி.

"மன்னர் பெருமானே, அப்பள்ளம் முந்தைய ஆட்சியில் விசிறிக் கட்சியினர் தோண்டியது" என்றார் அவர்.

விசிறிக் கட்சித் தலைவர் அம்பலராயர் எழுந்தார். "மூன்றாண்டுகளாக அதை மூடாதிருந்தவர் யார் என்று சபை கேட்கட்டும்."

இப்படியே விளக்கேற்றும் நேரம் வரை கத்தினார்கள். கடைசியில், ஜென்மத்தில் ஒத்துப்போகாத இரண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: குற்றம் பள்ளத்தில் விழுந்தவனுடையது. எட்டாம் நாள் மாசிலாமணியின் வலது காலை வெட்டும்படி தீர்ப்பாயிற்று. வயிறு எரிகிறதா? எரியட்டும். கேட்டவர்களுக்கெல்லாம் எரிந்தது.

அவன் மனைவி தில்லையம்மாள், சபையில் விகடம் பேசும் வெண்காடனின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் அழவில்லை. அதுதான் வெண்காடனை என்னவோ செய்தது.

"சாமி, நடந்து போனவன் கால் முறிஞ்சுது. முறிஞ்ச காலையே வெட்டப் போறாங்களாம். குழி தோண்டினவனும், அதை மூடாம விட்டவனும் சபையில தாம்பூலம் போடறான். இது என்னங்க நியாயம்? மூடச் சொல்லி நாப்பது ஓலை குடுத்தோம். ரோசமாவது வரட்டுமேன்னு அந்தத் தண்ணியில நெல் நாத்து நட்டோம். வந்தது யாரு தெரியுமா? விளைச்சல்ல பங்கு கேட்டு வரி வசூல் ஆளு!"

வேறொரு நாளாக இருந்தால் வெண்காடன் இதற்கு உருண்டு புரண்டு சிரித்திருப்பான். அன்று சிரிப்பு வரவில்லை. மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நேரே அரண்மனைக்கு நடந்தான்.

"மன்னா, குற்றவாளி வேறு ஆள். பல்லக்குத் தூக்கியை விட்டுவிடுங்கள்" என்றான்.

கொழுந்துவேளுக்கு வெண்காடனைக் கண்டாலே ஆகாது. தான் மணிக்கணக்காகப் பேசினால் கொட்டாவி விடும் மன்னர், அவன் இருமினால்கூடச் சிரிக்கிறாரே என்ற எரிச்சல். சமயம் வாய்த்தது என்று எழுந்தார்.

"வேறு ஆள் உண்டெனில் வெண்காடர் சபைக்கு அழைத்து வரட்டும். ஆனால் அடித்தோ மிரட்டியோ அன்று. அவர் தாமாகவே, மலர்ந்த முகத்தோடு வந்து, 'இது என்னுடையது' என்று சொல்ல வேண்டும். தவறினால் தூக்கியின் காலோடு வெண்காடரின் காலும் போகட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. பதவியில் இருந்த எவன் வாயிலிருந்தாவது அப்படி ஒரு சொல் வந்ததாக அந்த நகரத்துச் சரித்திரத்திலேயே கிடையாது. மன்னருக்கோ இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்!" என்றார்.

மறுநாள் காலை வெண்காடனின் ஏற்பாட்டில் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள். "இதனால் சகலருக்கும் அறிவிப்பது! நம் தலைநகரின் வடபுறத்தில், கோடையிலும் வற்றாத நீர்நிலை ஒன்று உண்டு! அதில் தவளைகள் வாழ்கின்றன, நெற்பயிர் தழைக்கிறது! மன்னரே அதை நேரில் கண்டு திரும்பியிருக்கிறார்! அதை உண்டாக்கிக் காத்தவருக்கு எட்டாம் நாள் சபையில் பொன்னாடை போர்த்தி, பெயரைக் கல்லில் வெட்டுவார்கள்!"

இதில் ஒரு சொல் பொய்யென்று யாராவது காட்டட்டும், பார்க்கலாம்.

வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பார்கள். கொழுந்துவேள் அந்தத் திசையில் காலைக்கூட வைத்தவரில்லை. தம்முடைய ஓலைக்காரரைக் கூப்பிட்டார்.

"வடபுறத்தில் நமக்கு ஏதும் குளம் உண்டா?"

தெரியாது என்றால் வேலை போய்விடும். "இல்லாமலா ஐயா? தங்கள் கைராசியில் வந்த குளமாச்சே!" என்றார் ஓலைக்காரர்.

செய்தி அரை நாழிகையில் அம்பலராயர் காதுக்குப் போயிற்று. "குடைக்காரன் குளம் கேட்கிறானாம்!"

"எந்தக் குளமய்யா?"

"எந்தக் குளமாக இருந்தால் என்ன? அவன் கேட்கிறான் என்றால் அது நம்முடையது!" என்றார் அம்பலராயர்.

எட்டாம் நாள் சபையில் எள் போட இடமில்லை. தில்லையம்மாள் தூண் ஓரமாக நின்றாள். மாசிலாமணியைக் காலில் கட்டுடன் காவலர்கள் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். கொழுந்துவேள் மாலைக்கு இடம் விட்டுச் சந்தனம் பூசி வந்திருந்தார். வெண்காடன் கல்தச்சனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டான்:

"அந்த நீர்நிலை யாருடையது, பெரியோர்களே?"

"என்னுடையது!" என்றார் கொழுந்துவேள்.

"பொய்! தோண்டியவர்கள் நாங்கள். இதோ என் முத்திரையிட்ட ஆணை!" என்று அம்பலராயர் ஓலையை ஆட்டினார். வடபுறத்தில் தம் காலத்தில் தோண்டியதாக இருந்தது அந்த ஓர் ஓலைதான். எதற்காகத் தோண்டினார்கள் என்று அவர் படித்துப் பார்க்கவில்லை.

"தோண்டுவது ஒரு நாள் வேலை!" என்று கொழுந்துவேள் சீறினார். "மூன்று ஆண்டுகள் தூர்ந்து போகாமல் காத்தவன் நான்!"

"காத்ததற்குச் சான்று வேண்டுமே, ஐயா" என்றான் வெண்காடன்.

ஓலைக்காரர் குனிந்து நகராதிபதியின் காதில் கிசுகிசுத்தார்: "வடபுறத்திலிருந்து எதையோ மூடச் சொல்லி நாற்பது மனு வந்து கிடக்கிறது, ஐயா."

கொழுந்துவேளின் முகம் மலர்ந்தது. "மூடும்படி நாற்பது மனு வந்தது! ஒரு கூடை மண் போட விட்டேனா?"

தூண் ஓரத்தில் யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

வெண்காடன் இரண்டு பேர் சொன்னதையும் சொன்னபடியே எழுதி, இரண்டு பேரிடமும் முத்திரை வாங்கி, கல்தச்சனிடம் கொடுத்தான். அவன் வெட்டி முடித்ததும், கல்லையும் எடுத்துக்கொண்டு மேளதாளத்தோடு எல்லோரும் வடபுறத்துக்குக் கிளம்பினார்கள். செக்கடித் தெருவில் வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தது. கூட்டம் நின்றது.

"குளம் எங்கே?" என்றார் கொழுந்துவேள்.

"தங்கள் காலடியில்தான், ஐயா. இன்னும் ஒரு சாண் முன்னால் வந்தால் குளித்தே விடலாம்."

குனிந்து பார்த்தார். பச்சைத் தண்ணீர். நான்கு தவளைகள். நன்றாகத் தழைத்த நெற்பயிர். அம்பலராயர் மெல்லப் பின்வாங்கினார். பின்னால் தெரு முழுக்க ஜனம், நகர இடமில்லை.

கல்தச்சன் கல்லைப் படித்தான்: "இந்நீர்நிலையைத் தோண்டியவர் விசிறிக் கட்சி அம்பலராயர். நாற்பது மனு வந்தும் ஒரு கூடை மண் போட விடாமல் காத்தவர் நகராதிபதி கொழுந்துவேள். இருவரும் தாமாகவே சபையில் சொன்னது."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கேட்டார்: "வெண்காடா, மேல்வரி காலியாக இருக்கிறதே?"

"'இன்னார் ஆட்சியில்' என்று தொடங்குவது வழக்கம், மன்னா. அந்தப் பெயரை வெட்ட எனக்குத் துணிவு வரவில்லை."

மன்னரின் சிரிப்பு நின்றது. போகப் போவது கால் மட்டும்தானா என்று வெண்காடன் நினைத்தான். அப்போது தில்லையம்மாள் முன்னால் வந்தாள்.

"வெட்டச் சொல்லுங்க சாமி. கல்லைத்தானே வெட்டப் போறாங்க, காலையா வெட்டப் போறாங்க?"

மன்னர் அவளைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலோடு தரையில் உட்கார்ந்திருந்த மாசிலாமணியைப் பார்த்தார். பிறகு, "வெட்டு. என் பெயரை முதலில் வெட்டு" என்றார். மாசிலாமணிக்கு அங்கேயே விடுதலை. கால் கூடும்வரை அரண்மனை வைத்தியம், முழுச் சம்பளம். பொழுது சாய்வதற்குள் இரண்டு தலைவர்களும் தங்கள் கையாலேயே மண் சுமந்து பள்ளத்தை மூட வேண்டும். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார். போர்த்த ஆளில்லாத இரண்டு பொன்னாடைகளும் அவனுக்கே.

"இன்னும் ஒன்று, மன்னா" என்றான் வெண்காடன். "பல்லக்குக்கு ஒரு தோள் குறைகிறது."

மன்னரின் பார்வை கொழுந்துவேளிடம் போய் நின்றது.

மறுநாள் வடபுறத்துத் தெருக்கள் முழுக்கப் பல்லக்கு சுற்றியது. முன்தண்டு நகராதிபதியின் தோளில். உச்சிப்பொழுதுக்குள் முப்பத்தொரு பள்ளங்களை அவர் உள்ளங்கால் கண்டுபிடித்துவிட்டது. மேலே மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே போனார். குலுங்கியதில் பாதிதான் சிரிப்பு, மீதி தெரு.