வீட்டுக்கு ஒரு குடம்

மடம் என்றதும் கோபுரம், மணி என்று யோசிக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு நீள ஷெட், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் தலை கிறுகிறுக்கும். அங்கேதான் செண்பகவல்லி அம்மாள் குருவாக இருந்தார். வயது நாற்பதுக்குள்.

சீடர் தில்லைநம்பிக்கு அறுபது தாண்டிவிட்டது. ரைஸ் மில் வைத்திருந்தவர். மில்லை விற்று, வந்த பணத்தைத் தெரு ஜனங்களுக்கே கொடுத்துவிட்டுக் காவி கட்டிக்கொண்டார். தெருவில் அவரைச் சாமி என்பார்கள். அம்மாள் மட்டும் இன்னமும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அது பிடிக்காது. அதனாலேயே கூப்பிடுவார்.

அன்று காலை தில்லைநம்பி சந்தோஷமாக வந்தார்.

"தாயே, நேத்து கூட்டத்துல நான் பேசினேன்."

"என்ன கூட்டம்?"

"கரண்ட்டுக் கூட்டம்."

ஊருக்கு வெளியே டேட்டா சென்டர் வருகிறது. ஜன்னல் இல்லாத பெரிய கட்டடம், உள்ளே முழுக்க கம்ப்யூட்டர். அது ஓடவும், ஓடிச் சூடாகாமல் இருக்கவும், தாலுகா முழுக்க எரிகிற அளவு கரண்ட் அது ஒன்றுக்கே வேண்டும். புது சப்ஸ்டேஷன், புது டவர் லைன் எல்லாம் போட வேண்டும். அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்று ஜனங்களைக் கேட்கத்தான் கரண்ட் ஆபீசர்கள் கூட்டம் போட்டிருந்தார்கள். கம்பெனியே கட்டட்டும் என்று ஒரு பேச்சு. எல்லா வீட்டு யூனிட் ரேட்டிலும் ஏற்றிவிடலாம் என்று இன்னொரு பேச்சு.

"முன் வரிசையில நாற்காலி போட்டு ஐயான்னு கூப்பிட்டாங்க," என்றார் தில்லைநம்பி.

"போட்டிருப்பாங்க. என்ன பேசினீங்க?"

"எல்லாருமாப் பகிர்ந்துக்கலாம்னு சொன்னேன். லைன் நம்ம ஊருக்குத்தானே வருது. ஊருக்குப் பொது. என் மில்லையே பகிர்ந்தவன் நான், பகிர்றதுல என்ன கஷ்டம்னு கேட்டேன். அப்புறம் யாரும் எதிர்த்துப் பேசல. நாளைக்கு மறுபடி கூடி முடிவு பண்றாங்க. நான் சொன்னது சரிதானே, தாயே?"

அம்மாள் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"வேகுது, முதலாளி. கூரைக்குத் தண்ணி ஊத்தணும்."

"ஒரு பானைதானே இருக்கு. அதுவும் குடிக்க."

"தெருவுல வாங்கிட்டு வாங்க. வீட்டுக்கு ஒரு குடம். ஒருத்தர்கிட்ட கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

தண்ணீர் லாரி வந்து பல நாள் ஆகிவிட்டது. அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் குரு சொல்லிவிட்டார். தில்லைநம்பி தள்ளுவண்டியில் டிரம்மை ஏற்றிக்கொண்டு போனார்.

எந்த வீட்டிலும் மறுக்கவில்லை. வாசலில் நின்று "மடத்துக்கு" என்பார். குடம் வந்துவிடும். அந்தத் தெருவில் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் கையை விரித்ததில்லை.

டெய்லர் பிச்சையா மட்டும் கிண்டல் செய்தார். "அபிஷேகமா, சாமி? குளிக்கட்டும், குளிக்கட்டும். நான் குளிச்சே நாளாச்சு, கொஞ்சம் தள்ளியே நில்லுங்க." சொல்லிக்கொண்டே குடத்தைக் கொண்டுவந்து டிரம்மில் கவிழ்த்தார்.

கடைசி வீடு குருவம்மாவுடையது. அவள் புருஷன் மாடசாமி கல் கிரஷரில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவன். மூச்சுக்கு மிஷின் வைத்திருந்தார்கள். கரண்ட்டில் ஓடுகிற மிஷின். அன்றைக்கு மூக்கில் குழாய் இருந்தது, மிஷின் சத்தம் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, முட்டியில் கையை ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, கரண்ட் இல்லையா?"

"இருக்கு, சாமி."

"மிஷின் நிக்குதே."

"நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். ரேட் ஏறப்போகுதுல்ல. மத்தியானம் கொஞ்ச நேரம் நிறுத்தினாத்தான் கட்டுபடியாகும். அதான் இப்பவே பழகிக்கட்டும்னு."

மாடசாமி ஏதோ சொல்லப் பார்த்தான். வார்த்தை வரவில்லை. பழகுகிறேன் என்பது போலக் கையை மட்டும் ஆட்டினான்.

"நேத்துக் கூட்டத்துக்கு வந்திருந்தியே. இதைச் சொல்லியிருக்கலாமே," என்றார் தில்லைநம்பி.

"சொல்லத்தான் எழுந்தேன். அப்பத்தான் நீங்க பேசினீங்க. சாமியே பகிர்ந்துக்கலாம்னு சொல்றாரு, நாம மட்டும் நம்ம வீட்டுக் கதையப் பேசினா சுயநலமா இருக்குமேன்னு உக்காந்துட்டேன்."

அவள் குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்தாள்.

"மடத்துக்குத்தானே, சாமி? அடியில ஒரு தம்ளர் விட்டுக்கட்டுமா? இவருக்கு மாத்திரை போடணும்."

"முழுசா வாங்கச் சொன்னாங்கம்மா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அதற்குள் அவள் முழுசாக ஊற்றிவிட்டாள்.

மடத்துக்கு வந்ததும் ஏணி போட்டு அவரே ஏறினார். அவரே ஊற்றினார். தகரம் உஸ்ஸென்று சீறி ஆவி கிளம்பியது. முகத்தில் அடித்தது. தெரு முழுக்கக் கொடுத்த தண்ணீரில் கீழே மண்ணில் சொட்டியது கொஞ்சம்தான்.

இறங்கி வந்து உள்ளே உட்கார்ந்தார். குளிர்ச்சியாக இருந்தது. பொய் எதற்கு, சுகமாகவே இருந்தது. ஒரு சின்னத் தூக்கம் போடுகிற நேரம் அது நின்றது. பிறகு கூரை காய்ந்து, பழையபடி வேக ஆரம்பித்தது.

அம்மாள் கேட்டார். "யாராவது முணுமுணுத்தாங்களா?"

"இல்லை."

"என்ன சொல்லிக் கேட்டீங்க?"

"மடத்துக்குன்னு."

"செண்பகவல்லிக்கு வேர்க்குது, அவ தலைக்கு மேல ஊத்தணும்னு கேட்டிருந்தா?"

தில்லைநம்பி தலையைத் தடவிக்கொண்டார்.

"சிரிச்சிருப்பாங்க," என்றார் கடைசியில். "கதவைச் சாத்தியிருப்பாங்க."

"ம்."

"பகிர்றது தப்பா, தாயே? நான் மில்லைக் குடுத்தப்ப நீங்கதானே சந்தோஷப்பட்டீங்க."

"அது உங்க மில்லு."

மேலே தகரம் வெயிலில் டக், டக் என்று சத்தம் போட்டது.

"குருவம்மா வீட்டுல மாத்திரைக்குக்கூடத் தண்ணி விடாம வாங்கிட்டேன். ஒரு தம்ளர் கேட்டா. விடல நான்."

"அங்க ஒரு ஆள் மூச்சு முட்டிக் கிடக்கிறது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா அனுப்பினீங்க?"

"நீங்களும் தெரிஞ்சுதானே பேசினீங்க?"

தில்லைநம்பி எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அழுதாரா என்று தெரியவில்லை.

"அவன் மிஷினை நிறுத்திப் பழகிட்டு இருக்கான், தாயே. அவ நேத்து பேச எழுந்தாளாம். நான் பேசினதும் உக்காந்துட்டாளாம்."

அம்மாள் மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானையை இழுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"குருவம்மாவுக்குக் கொண்டு போங்க."

"மத்தவங்களுக்கு?"

"இல்லை. காய்ஞ்சு போச்சு."

தில்லைநம்பி பானையைத் தோளில் தூக்கினார். வாசல் வரை போனவர் நின்றார்.

"நாளைக்குப் போய், நான் பேசினது தப்புன்னு சொல்லப்போறேன். அந்த லைன் யாருக்கு வேணுமோ அவங்களே பணம் கட்டட்டும்னு சொல்லப்போறேன்."

"சொல்லுங்க."

"ஆபீசருங்க கேப்பாங்களா?"

"மாட்டாங்க. அவங்களுக்கு வேண்டியதை நேத்தே சொல்லிட்டீங்க."

"அப்ப யார்கிட்டதான் சொல்றது?"

"எழுந்தவ ஒருத்தி உக்காந்தாளே," என்றார் அம்மாள். "அவளுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."