கவிழ்த்து வைத்த கிண்ணம்

"அப்படியென்றால் என்னை எதற்கு வெட்டினீர்கள்?"

தியோன் வாசலிலேயே நின்று கேட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அசரியா உள்ளே உட்கார்ந்து சாயங்காலப் பந்திக்கு வேண்டிய கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தியோக்கியா நகரத்தில் அப்போது இந்தச் சண்டை நடக்காத வீடு கிடையாது. இயேசுவை நம்பி வருகிற கிரேக்கர்கள் முதலில் யூதர்களைப் போல ஆண்குறியின் நுனித்தோலை வெட்டி விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா, வேண்டாமா? செய்யாவிட்டால் பந்தியில் இடமில்லை என்று எருசலேமிலிருந்து வந்த சிலர் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். தேவையில்லை என்றவர்களில் அசரியாவும் ஒருவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அசரியாவே யூதர். அதுவும் விருத்தசேதனம் செய்துவைப்பதையே ஊழியமாகக் கொண்டிருந்தவர். யூதத் தெருவில் பிறந்த ஆண் குழந்தைகளில் பாதிப் பேரை அழவைத்தது அவருடைய கத்திதான்.

தியோனையும் அதே கத்திதான் அழவைத்தது. குழந்தையாக இருந்தபோது அல்ல, தாடி நரைக்கத் தொடங்கிய பிறகு.

அவன் கிரேக்கன், திராட்சரச வியாபாரியின் மகன். வீட்டுச் சிலைகளைக் கும்பிட்டுக் கும்பிட்டு அலுத்துப்போய், ஒரே கடவுளைத் தேடி யூதர்களின் ஜெபக்கூடத்துக்கு வந்தான். பின்வரிசையில் உட்காரலாம், முழுசாக உள்ளே வரவேண்டுமென்றால் கத்திதான் வழி என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தான். புண் பழுத்துக் காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்ததே பெரிய காரியம்.

எழுந்தவன் பொதுக் குளியல்கூடத்துக்குப் போனான். அந்த ஊரில் பெரிய மனிதர்கள், சின்ன மனிதர்கள் எல்லாரும் துணியை அவிழ்த்துவிட்டுத்தான் குளிப்பார்கள். ஒருவன் பார்த்தான். பார்த்தவன் பக்கத்திலிருந்தவனைத் தட்டிக் காட்டினான். சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது, மறுநாள் சந்தைக்கும் வந்து சேர்ந்தது. அன்றோடு தியோன் குளியல்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பிற்பாடு அசரியா இயேசுவை நம்பினார். 'ரபி', அதாவது குருவே, என்று அழைத்துக்கொண்டு தியோனும் அவர் பின்னாலேயே வந்தான். வாரந்தோறும் அவர் வீட்டில் பந்தி நடந்தது. தியோன் அவருக்கு வலப்பக்கம் உட்காருவான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தியோன் வாசலில் வந்து நிற்பதற்குச் சற்று முன்பு ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றவன் நிக்கியாஸ். துணி வியாபாரி. சாயங்காலம் முதல்முறையாகப் பந்திக்கு வரப்போகிறான். அவனும் கிரேக்கன்தான். ஆனால் அவனை யாரும் கத்திக்கு முன்னால் படுக்கச் சொல்லவில்லை.

குளியல்கூடத்தில் முதலில் சிரித்தவன் அந்த நிக்கியாஸ்தான்.

தியோனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? எனக்கு இருந்தாலும் எரியும்.

"எனக்குக் கத்தி, அவனுக்கு வெறும் தண்ணீரா?" என்றான்.

"அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்" என்றார் அசரியா.

"உங்களுக்குத் தெரியாததற்கு என் உடம்புதான் கிடைத்ததா?"

அசரியா அடுத்த கிண்ணத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

அது தியோனை இன்னும் கிளப்பிவிட்டது. மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினான். கடவுள் ஆபிரகாமுக்குக் கொடுத்த விருத்தசேதனக் கட்டளையைத் தண்ணீரில் கரைத்துவிட்டார்கள் என்றான். நோகாமல் வருகிறவனுக்கு எதன் அருமையும் தெரியாது என்றான். நாளைக்கு இந்த நிக்கியாஸ் பந்தியில் ரொட்டியைத் தின்றுவிட்டு நேரே குளியல்கூடத்துக்குப் போய் எல்லாருக்கும் நடுவில் கூச்சமில்லாமல் நிற்பான், தன்னால் அது ஆயுசுக்கும் முடியாது என்றான். சொல்லும்போதே குரல் உடைந்தது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டான்.

கடைசியில் கேட்க வந்ததைக் கேட்டான்.

"அது தேவையே இல்லையென்றால், நான் பட்டதெல்லாம் வீணா?"

"அதை இன்று சாயங்காலம் நீதான் சொல்ல வேண்டும்" என்றார் அசரியா.

"இப்போதே சொல்கிறேன். அவன் வெட்டிக்கொண்டு வரட்டும். இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் சாப்பிட மாட்டேன்."

அசரியா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். அதே கத்தி. நன்றாகத் தீட்டி எண்ணெய் பூசியிருந்தது.

தியோனுக்கு உச்சி குளிர்ந்தது. கடைசியில் ரபி வழிக்கு வந்துவிட்டார்.

அசரியா கத்தியை அவன் கையில் வைத்தார்.

"நீயே செய்."

"நானா? எனக்கு இந்த வேலை தெரியாதே."

"நீ பட்டதை அவனும் படவேண்டும். அதுதானே நியாயம்?"

"அதுதான்."

"அப்படியானால் உனக்கு எங்கே அதிகம் வலித்ததோ, அங்கே வெட்டு."

கத்தி பட்ட இடத்தைச் சொல்லத்தான் தியோன் வாயைத் திறந்தான். ஆனால் அந்தப் புண் ஆறி எத்தனையோ காலமாகிவிட்டது. குளியல்கூடத்தைச் சொல்லலாமா என்று பார்த்தான். அதுவும் உண்மை இல்லை.



தியோன் மெதுவாகச் சொன்னான். காய்ச்சல் விட்டதும் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறான். பண்டிகை நாள், குடும்பமே பந்தியில் இருந்தது. அவனுடைய இடம் காலியாக இருந்தது, அங்கே அவனுடைய கிண்ணமும் இருந்தது. நமக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷத்தோடு உட்காரப் போனான். யூதனாகிவிட்ட மகனிடம் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கையை நீட்டி அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"எங்கள் வீட்டில் செத்தவர்களுடைய கிண்ணத்தைத்தான் அப்படிக் கவிழ்ப்பார்கள் ரபி."

தம்பிகள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்களாம். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாளாம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் வந்துவிட்டான். அப்பா சாகும்வரை அவனிடம் பேசவே இல்லை.

"நான் உயிரோடுதான் நின்றேன்" என்றான் தியோன். "அவர் கண் முன்னால் நின்றேன்."

அழுதான். அதை மறைக்கவும் இல்லை.

அசரியா அவன் கையிலிருந்து கத்தியை எடுத்துத் துணியில் சுற்றினார். கழுவி வைத்ததில் ஒரு கிண்ணத்தை எடுத்து அந்தக் கையில் கொடுத்தார்.

"இது நிக்கியாஸுடைய கிண்ணம். அவன் இடத்தில் நீ கொண்டுபோய் வை" என்றார். "எப்படி வைக்கிறாயோ, அப்படியே இருக்கட்டும். நான் தொட மாட்டேன்."

வாசலில் நிழல் தட்டியது. நிக்கியாஸ் வந்திருந்தான். இன்னும் தலை சரியாகக் காயவில்லை. உள்ளே தியோனைப் பார்த்ததும் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

வருகிற வழியில் எருசலேம்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று சொன்னான். பந்தியில் உட்காரத் தனக்கு உரிமை இல்லையாம். வேண்டுமானால் வெளியிலேயே நின்றுகொள்வதாகச் சொன்னான். கத்தி அவசியம்தான் என்றால் அதற்கும் படுத்துவிடுகிறேன் என்றான். அவன் கண் அசரியாவின் கையிலிருந்த வெள்ளைத் துணிமேல் இருந்தது. அது என்ன என்று அந்த ஊரில் தெரியாதவன் இல்லை.

பிறகு தியோனைப் பார்த்துக் கேட்டான்.

"ரொம்ப வலிக்குமா?"

தியோன் அவனை முறைத்தான். இதே வாய்தான் அன்றைக்குச் சிரித்தது. இதே ஆள்தான் தட்டிக் காட்டினான். கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. கையில் கிண்ணம் இருந்தது.

அசரியா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

தியோன் பந்திப் பாயருகே போனான். ரபிக்கு வலப்பக்கம், தான் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு அடுத்த இடம். குனிந்து கிண்ணத்தை டக்கென்று வைத்தான். திராட்சரச ஜாடியை எடுத்து அதில் விளிம்புவரை ஊற்றினான்.

"அன்றைக்குக் குளியல்கூடத்தில் நான்..." என்று ஆரம்பித்தான் நிக்கியாஸ்.

"தெரியும்" என்றான் தியோன். "முதலில் உள்ளே வந்து உட்கார். உன்னோடு சண்டை போடவேண்டியது நிறைய இருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டே போடுவோம்."