சுபேதார் எழுந்து நின்றால்

பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு சாமி இருந்தார். கொட்டகையில் ஒரு பாதி மாட்டுக்கு, மறு பாதி அவருக்கு. கொட்டகைச் சாமி என்றே ஊரில் பெயர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வரும் பூங்காவனத்துக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. அதனால் அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரைச் சாமி என்பாள். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை.

அன்று மத்தியானம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள் பூங்காவனம்.

"இன்னா அக்கா, கல்யாணமா?"

"பேங்க் வாசல்ல அப்பா பேர்ல கல்லு திறக்கறாங்க சாமி. நான்தான் திறக்கணுமாம். நாலு மணிக்கு பேங்க் தலைவர் இங்கயே கார் கொண்டாறேன்னாரு."

"நல்லதுதானே."

"நல்லதுதான்." சொன்ன வேகத்தில் அவள் மூக்கு நுனி சிவந்துவிட்டது. "ஒண்ணு கேக்கணும் சாமி. அப்பா செத்து படத்திறப்பு வெச்ச அன்னிக்கு நான் வாயே திறக்கல. கோபம் வந்துது, அடக்கிக்கினேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி மூச்சைப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். அப்புறம் ஏன் வயிறு இப்பிடி எரியுது?"

"யாரு இன்னா சொன்னாங்க?"

பூங்காவனம் சொன்னாள்.

அவளுடைய அப்பா துரைக்கண்ணு பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். எல்லையில் பனி அவர் இடது கால் விரல்களைத் தின்றுவிட்டது. ஊர் திரும்பியபோது மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள். கைக்குழந்தையாகப் பூங்காவனம் மட்டும் இருந்தாள். இன்னொரு கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை வாசலோடு அனுப்பினார். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில், பூட்ஸ் கயிறு கட்டுகிற இறுக்கத்தில் அவளுக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்டார். புருவமே மேலே ஏறிப்போச்சு பார் என்று தெரு சிரிக்கும். ஆனால் சாயங்காலம்வரை அந்தச் சடை அவிழாது.

பிறகு ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு வங்கி ஆரம்பித்தார். நாற்காலி, பெஞ்சு எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து வந்தவை. செயலாளர் நாற்காலியில் அவர்தான். அந்த நாற்காலியில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடன் உண்டு என்றால் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். இல்லை என்றால் மேசையைப் பிடித்துக்கொண்டு, விரலில்லாத அந்தக் காலை ஊன்றி, எழுந்து நிற்பார். எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்து "முடியாது" என்பார். டீ வரவழைப்பார். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பார்.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள், "சுபேதார் எழுந்துட்டாருடா. இவனுக்கு இன்னிக்கு டீ மட்டும்தான்" என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

அவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு மாசிலாமணி தலைவரானார். மைத்துனனின் கல்குவாரிக்கு வங்கியை வாரிக் கொடுத்தார். இன்றைக்கு ஊர்க்காரர்கள் தாங்கள் போட்டதைத் திருப்பிக் கேட்டால், கொடுக்க அங்கே எதுவும் இல்லை.

"அந்த ஆளு படத்திறப்பில மைக்கைப் பிடிச்சு அழுதாரு சாமி. கைக்குட்டையை மடிச்சு மடிச்சுக் கண்ணைத் துடைச்சாரு. 'சுபேதாருக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது, கேட்டவனுக்கெல்லாம் குடுத்தாரு, அந்தத் தங்கமான மனசாலதான் பேங்க் இன்னிக்கு இந்த நெலமையில நிக்குது, ஆனா நான் அவரைக் குத்தம் சொல்லமாட்டேன்'னாரு. ஜனமும் கூடச் சேர்ந்து அழுவுது. எங்கப்பா கையால டீ குடிச்ச வாயெல்லாம் அங்கதான் இருந்துது. ஒரு வாய் திறக்கல."

"கல்லுல இன்னா எழுதியிருக்கு?"

"மறுக்கத் தெரியாத மாமனிதர்."

"உங்களுக்கு இல்லைன்னு சொல்லியிருக்காரா அக்கா?"

"ஒருவாட்டி. எங்க வீட்டுக்காரர் ரைஸ்மில் வைக்கணும்னாரு, நான் போய்க் கேட்டேன். எனக்கும் எழுந்து நின்னாரு. ஒரே பொண்ணு, எனக்கே. கால் நடுங்குது, மேசையை வுடல. நான் அழுதுக்கினே டீ குடிச்சேன். சக்கரை மட்டும் தூக்கலாப் போடச் சொன்னாரு."

சாமி எழுந்தார். கட்டுத்தறிக்குப் போய்ச் சிவப்புப் பசுவை அவிழ்த்துவிட்டார். அது பக்கத்துக் கொல்லையில் இறங்கி வேர்க்கடலைச் செடியில் வாயை வைத்தது.

"சாமி, மாடு மேயுது பாருங்க."

"மேயட்டும்."

கொல்லைக்காரர் கன்னியப்பன் மாட்டை இழுத்துக்கொண்டு வர அதிக நேரம் ஆகவில்லை.

"யாரு சாமி அவுத்து வுட்டது? ஒரு பாத்தி மல்லாட்டை போச்சு."

சாமி தோள் துண்டை எடுத்தார். அதை மடித்து மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க கன்னியப்பா. அவங்களுக்குத் தங்கமான மனசு. மாடு கத்தினா கட்டி வைக்கத் தெரியாது. நான் அவங்களைக் குத்தம் சொல்லமாட்டேன்."

கன்னியப்பன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சரி, வுடுங்க. இளகின மனசுக்காரங்களால இப்பிடித்தான் ஆவும்."

"நான் அவுக்கல," என்றாள் பூங்காவனம். "சாமிதான் அவுத்தாரு. என் கண்ணால பாத்தேன். இன்னா சாமி இது, பக்கத்துல வெச்சிக்கினே வாய் கூசாமச் சொல்றீங்க?"

"ஆமா, நான்தான் அவுத்தேன்," என்றார் சாமி. "இந்த வாரம் பூரா இதோட பால் உங்க வீட்டுக்குத்தான் கன்னியப்பா."

"உங்க பாடமும் நீங்களும்," என்று முனகிக்கொண்டே கன்னியப்பன் மாட்டைத் தறியில் கட்டப் போனார்.

சாமி அவள் பக்கம் திரும்பினார். "நான் உங்களைப் புகழ்ந்துதானே சொன்னேன்?"

பூங்காவனம் மேய்ந்துபோன பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு பாத்தி மல்லாட்டைக்கு நீங்க மூச்சைப் பாக்கலையே அக்கா."

வெளியே கார் வந்து நின்றது. கையில் ஒரு சால்வையோடு மாசிலாமணி இறங்கி வந்து, அங்கே கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"கெளம்பு தங்கச்சி. பந்தல்ல ஜனம் காத்துக்கினு இருக்கு. சாமியும் வந்தா எங்களுக்குப் பெருமை." சிரித்தபடி சால்வையை மடியில் வைத்து நீவினார். "நீ ஒண்ணும் பேச வாணாம். பாவம், உனக்கு மேடையெல்லாம் பழக்கமில்ல. திரைக் கயித்தை இழுத்து வுட்டாப் போதும்."

பூங்காவனத்துக்கு உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். பக்கத்திலிருந்த கொட்டகைத் தூணைப் பிடித்தாள். ஒரு காலை ஊன்றினாள். பட்டுப்புடவை தடுக்க, மெல்ல எழுந்து, நிமிர்ந்து, அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

தறியண்டை மாடு கட்டிக்கொண்டிருந்த கன்னியப்பன் கை அப்படியே நின்றது.

"சுபேதாரு எழுந்துட்டாருடா," என்றார், மாட்டிடம் சொல்கிற மாதிரி.

"முடியாது," என்றாள் பூங்காவனம்.

"இன்னா முடியாது?"

"அந்தக் கல்லு பொய். எங்கப்பாவுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியும். எனக்கே சொன்னாரு. உன் மச்சான் எங்கப்பா இருந்தப்ப அந்த மேசைக்கு முன்னால வந்திருந்தா, அவனுக்கும் டீதான் கெடைச்சிருக்கும். நான் கயித்தை இழுக்கமாட்டேன். பந்தலுக்கு வர்றேன். வந்து இதைத்தான் மைக்குல சொல்லுவேன்."

மாசிலாமணியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவர் சாமியைப் பார்த்தார்.

"இன்னா சாமி, இதுதான் நீங்க சொல்லிக் குடுக்கற சாந்தமா? பேங்க் பேரு, ஊர் பேரு, எல்லாம் இருக்குது. உங்க பேச்சுன்னா தங்கச்சி கேக்கும். உக்காரச் சொல்லுங்க."

பூங்காவனம் தூணை விடவில்லை. சாமி அதைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார்.

"நீங்க நின்னுக்கினே இருங்க அக்கா. தலைவருக்கு டீ நான் போடறேன்."