சொல்லிட்டுத் திருட வந்தவர்

ஒரு ஊர்ல ஒரு பொன்னுரங்கம் இருந்தாரு. ராசாவும் இல்ல, மந்திரியும் இல்ல. மலைமேல ஒரு காப்பித் தோட்டத்துல மணி அடிக்கிற வேலை பாத்து, வயசாகி, வீட்டோட இருக்கிற மனுசன். ணங்... ணங்...னு முப்பது வருசம் அடிச்சாரு. ஒரு நாளு ஒரு நிமிசம் முன்னப்பின்ன கிடையாது. அவ்வளவு நேர்மை. ரோட்டுல விழுந்து கெடக்கிற கொய்யாப்பழத்தக்கூட, மரம் யாருதுன்னு விசாரிச்சு, கதவத் தட்டிக் கேட்டுட்டுதான் எடுப்பாரு. அதுக்குள்ள எறும்பு பாதி தின்னுரும். "தின்னா தின்னுட்டுப் போகுது. கேக்காம தின்னது அதோட பாவம்"னுவாரு.

"ம்" சொல்லு கண்ணு. ஆங், அப்படி.

அவரு பொஞ்சாதி பவளக்கொடி. செடின்னா உசுரு. அவ கை பட்டா வெளக்குமாத்துக் குச்சிகூட துளுக்கும்னு ஊரே சொல்லும். அப்பேர்ப்பட்டவ ஐப்பசி மழையில அவரைக்கா பறிக்கப் போனா. பாசியில கால வச்சா. சர்ர்ருக்... தொப்! கால் ஒடிஞ்சு போச்சு. மாவுக்கட்டப் போட்டு, குளிருக்கு அடக்கமா அடுப்படிக்குப் பக்கத்து அறையில கட்டில்ல படுக்க வச்சாங்க. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னலு. எட்டிப் பாத்தா பக்கத்து வீட்டுச் சுவரு. சுவத்துல என்ன இருக்கு? ஒரு பல்லி. அதுவும் சில நாளு வராது.

அப்புறம் தை மாசம் வந்துச்சு. டாக்டரு கட்டப் பிரிச்சுப் பாத்துட்டு, "எலும்பு கூடிருச்சும்மா. இனிமே நடக்கணும். படுத்தே கெடந்தா முட்டி வெறைச்சுப் போயிரும், அப்புறம் யாராலயும் மடக்க முடியாது"ன்னுட்டாரு.

பவளக்கொடி சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

"எந்திரி பவளம். ரெண்டடி வையி."

"எங்க போறதுக்கு? தோட்டத்துக்கா? அதுதான் என்னையப் பிடிச்சுத் தள்ளிருச்சே!"

"பாசியில கால வச்சது நீயி. தோட்டம் என்ன பண்ணும்?"

"ஏனுங்க, நீங்க அதுக்குச் சம்மந்தியா?"

இப்படியே நாளு போச்சு. முட்டி வெறைக்க ஆரம்பிச்சிருச்சு. பொன்னுரங்கத்துக்கு சோறு எறங்கல. கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதுல ஒரு நாளு பவளக்கொடி வாயத் தொறந்தா. "செங்கமலம் வீட்டுக் கொய்யா மரத்துல பங்குனிக்குப் பூக்குமே ஆர்க்கிட்டு, அது என் ஜன்னல்ல பூக்கட்டும். அன்னிக்கு நான் எந்திரிச்சு நடக்குறேன்."

செங்கமலம் யாருன்னா, பக்கத்து வீட்டுக்காரி. தனிக்கட்டை. அவ வீட்டுக் கொய்யா மரத்துல அந்த ஆர்க்கிட்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். குளிர் காலத்துல பாத்தா இலையெல்லாம் உதுந்து, மென்னு துப்புன கரும்புச் சக்கை மாதிரி தொங்கும். யாரும் சீந்த மாட்டாங்க. பங்குனி பொறந்துச்சோ, அந்தச் சக்கையில கணுவுக்குக் கணு பூவு! ஊதாவும் வெள்ளையுமா, நடுவுல மஞ்சத்தொண்டையோட. ஆமா, அதுக்கு மண்ணே வேணாம். மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு காத்தக் குடிச்சு வாழும்.

"பூக்குறப்ப ஒரு கிளையோட கொண்டாந்து மாட்டுறேன் அண்ணி"ன்னா செங்கமலம்.

"கொண்டாந்து மாட்ட அது என்ன கல்யாண வீட்டு வாழமரமா? இங்கயே இருந்து பூக்கணும்"னுட்டா பவளக்கொடி.

சரின்னு பொன்னுரங்கம் போயி முறையாக் கேட்டாரு. செங்கமலமும் ஒரு குச்சி ஒடிச்சுக் குடுத்தா. கேட்டு வாங்குன பொருளாச்சே, சும்மா விடுவாரா? தொட்டியில மண்ணு, அதுக்கு மேல சாணி, காலையில ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, ராத்திரிக்கு வெதுவெதுன்னு ஒரு சொம்பு. பத்தே நாளு. கொழகொழன்னு அழுகிருச்சு. மறுபடி போயிக் கேட்டாரு, மறுபடி குடுத்தா. இந்தத் தடவை சாணியோட மோரும் ஊத்துனாரு. அது ஒரே வாரத்துல போயிருச்சு.

செங்கமலம் தலையில அடிச்சுக்கிட்டா. "அண்ணே, குளிர்ல அது தூங்குது. தூங்குற புள்ளைய எழுப்பி எழுப்பி யாராச்சும் சோறு ஊட்டுவாங்களா?"

"நீ குடுத்தத நான் பட்டினி போட முடியுமா அம்மிணி?"

இவருகிட்டப் பேசிப் பிரயோசனம் இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த ஊர்ல ஒரு பேச்சு உண்டு. கேட்டு வாங்குன செடி வாடும், திருடி வச்ச செடி தழைக்கும். அதனால மாசி பொறந்தாப் போதும், தெருவுல சுவத்துக்குச் சுவரு கை நீளும். ரோசாக் குச்சி, கனகாம்பரம், டேலியாக் கெழங்கு, எல்லாம் நடந்து போயிரும். வீட்டுக்காரங்க பாத்தாலும் அந்தப் பக்கம் திரும்பி இருமிக்கணும். காலையில எந்திரிச்சு, "எந்தக் களவாணிடி என் ரோசாவக் கிள்ளுனது?"ன்னு சந்தோசமாத் திட்டணும். அதான் மரியாதை.

"ஒரே வழிதான் அண்ணே"ன்னா செங்கமலம். "நீங்க திருடணும்."

பொன்னுரங்கத்துக்கு வேர்த்து ஊத்துச்சு. மாசிக் குளிர்ல வேர்க்குது பாத்துக்க! ஆனா பவளத்தோட முட்டி? நாளுக்கு நாளு கட்டையாயிட்டு வருதே! சரின்னு கெளம்பிட்டாரு.

மொத நாளு. வெள்ளச் சட்டையப் போட்டாரு, திருநீறு பூசுனாரு, செங்கமலம் வீட்டுக்கு முன்னாடி போயி நின்னாரு. டொக்... டொக்...

"யாரு?"

"நான்தான் அம்மிணி, பொன்னுரங்கம்."

"என்ன விசயம் அண்ணே?"

"ஆர்க்கிட்டு திருடலாம்னு வந்தேன். கைவேலையா இருந்தா அப்புறம் வர்றேன்."

சிரிக்காத, கேளு. செங்கமலம் கதவத் தொறந்துட்டு இடுப்புல கைய வச்சா. "திருட வர்றவன் கதவத் தட்டுவானா? நீங்க சொல்லிட்டீங்க, இனிமே எடுத்தா நான் குடுத்ததாத்தான் அர்த்தம். போங்க. நாளைக்கு நான் வீட்ல இல்லாதப்ப வாங்க."

"எத்தன மணிக்கு நீ இருக்க மாட்ட?"

"ஐயோ, போங்க அண்ணே!"

ரெண்டாவது நாளு. செங்கமலம் தெருவே கேக்குற மாதிரி கத்துனா. "நான் ரேசன் கடைக்குப் போறேன்! தோட்டத்துப் படல் தொறந்துதான் இருக்கு! வர்றதுக்குச் சாயங்காலம் ஆகும்!" பையத் தூக்கிட்டு விடுவிடுன்னு போயிட்டா.

அப்போ பொன்னுரங்கம் மெல்ல உள்ள போனாரு. சரக்... சரக்... காலுக்கடியில சருகு. கொய்யா மரத்துகிட்டப் போயி கைய நீட்டுனாரு. அந்த நேரம் பாத்து, கீரைப் பாத்தியில ஒரு கோழி எறங்கி பரக் பரக்குன்னு கெளறுது. விடுவாரா? "சூ! சூ!"ன்னு வெரட்டுனாரு. கீரையச் சரி பண்ணுனாரு. நிமிந்தா தக்காளி சாஞ்சு கெடக்கு. குச்சி நட்டுக் கட்டுனாரு. அப்புறம் பாத்தா மல்லிக்குக் கீழ ஒரே களை. அதையும் புடுங்குனாரு. செங்கமலம் திரும்பி வர்றப்ப தோட்டம் பளிச்சுன்னு இருக்கு, ஆர்க்கிட்டு அப்படியே தொங்குது.

"இதுக்குப் பேரு திருட்டா, தோட்ட வேலையா?"

"கைய நீட்டுனேன் அம்மிணி. சத்தியமா நீட்டுனேன். அது என்னையே பாத்துச்சு."

"எது? கோழியா?"

"செடி."

தூங்கிட்டியா? ம்... இன்னும் இல்லயா? சரி, கேளு.

வீட்டுக்கு வந்து பவளக்கொடிகிட்டச் சொன்னாரு. அவ நாலு மாசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சா. "உங்களுக்குத் திருட்டுல எழுதப் படிக்கவே வரல. நான் சொல்றதக் கேளுங்க. மொதல்ல வெள்ளச் சட்டையக் கழட்டுங்க. ரெண்டாவது, கீழ மேல பாக்கக் கூடாது, கோழி கத்துனாலும் போகக் கூடாது. மூணாவது, துண்டச் சுருட்டி வாயில வச்சுக்குங்க."

"துண்டு எதுக்கு?"

"இல்லன்னா எடுத்துட்டு, 'எடுத்துக்கிட்டேன் அம்மிணி, வரட்டுமா'ன்னு சொல்லிட்டு வருவீங்க."

அவரு யோசிச்சுப் பாத்தாரு. ஆமா, சொல்லத்தான் செய்வாரு.

மூணாவது நாளு, நல்ல மத்தியானம். செங்கமலம் தோட்டத்துல பலகையப் போட்டு, கொய்யா மரத்துக்கு முதுகக் காட்டி ஒக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தா. படல் கிரீச்சுன்னதும் கண்ண மூடிக்கிட்டா. கொர்ர்ர்... கொர்ர்ர்... கொறட்டையப் பாத்தியா! கை மட்டும் மொச்சை உரிக்குது.

பொன்னுரங்கம் வந்தாரு. வாயில துண்டு, மூச்சு புஸ் புஸ்ஸுன்னு. கோழி கத்துச்சு, திரும்பல. ஒரு அடி. ரெண்டு அடி. கைய நீட்டுனாரு, கண்ண மூடுனாரு... மடக்! ஒடிஞ்சிருச்சு!

துண்டுக்குள்ள "ம்ம்மிணி"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. துண்டு மட்டும் இல்லன்னா அவ்வளவுதான், மூணாவது நாளும் வீணாப் போயிருக்கும்.

அப்போ செங்கமலத்துக்கு ஒரு சந்தேகம். இந்த மனுசனுக்குத் திருடுன மாதிரியே தோணலன்னா? மறுபடி சொம்பத் தூக்கிருவாரே! எந்திரிச்சா, மொச்சை சிதற சிதற கத்துனா. "அய்யய்யோ! திருடன்! என் ஆர்க்கிட்டத் திருடிட்டுப் போறான்! பிடிங்க!"

தெருவே வெளிய வந்துருச்சு. யாரு பிடிக்கிறா? எல்லாரும் கையத் தட்டுறாங்க. பொன்னுரங்கத்துக்கு அது எங்க தெரியுது? நெசமாவே உசுரு போச்சு. தொபு தொபு தொபுன்னு ஓடுனாரு. வேட்டி படல்ல மாட்டி டர்ர்ர்! கிழிஞ்ச வேட்டியோட வீட்டச் சுத்தி ஓடி, யாரு கண்ணுலயும் படக் கூடாதுன்னு, அடுப்படிப் பக்கத்துல ஜன்னலுக்கு மேல, எறவாரக் கட்டையில அந்தக் குச்சியத் தேங்கா மட்டையோட சேத்துக் கட்டிட்டு உள்ள வந்து கதவச் சாத்துனாரு.

அப்புறம் அந்தப் பக்கமே போகல. திருட்டுப் பொருளாச்சே! மண்ணு வைக்கல, சாணி வைக்கல. சொம்பத் தூக்கிட்டுப் போனா நாலு பேரு பாப்பாங்கள்ல? ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. பனி மட்டும் வந்து வந்து அதத் தொட்டுட்டுப் போச்சு.

ஆனா பவளக்கொடிக்கு அது தெரியும். படுத்தா குச்சியோட நுனி மட்டும் தெரிஞ்சுச்சு. கொஞ்சம் ஒக்காந்து பாத்தா. பாதி தெரிஞ்சுச்சு. மறுநாளு கட்டில் ஓரமா நகந்து பாத்தா.

"ஏனுங்க, கணுவுல ஏதோ கடுகு மாதிரி இருக்குங்க."

"உஷ்! மெதுவாப் பேசு."

நாலு நாளு கழிச்சு, "மொளகு மாதிரி ஆயிருச்சுங்க." இப்போ அவ ஒரு காலத் தொங்கப் போட்டு ஒக்காந்திருக்கா. அப்புறம், "வேர்க்கடலை!"ன்னா. ரெண்டு காலும் தொங்குது. முட்டி வலிக்குது, மொனகுறா, ஆனா காலத் தூக்கல. மேல வச்சா பூமொட்டு மறைஞ்சிரும் பாரு! பொன்னுரங்கம் அத ஓரக் கண்ணால பாத்தாரு. பாத்த பராக்குல அடுப்புல இருந்த பாலப் பொங்க விட்டுட்டாரு.

பங்குனியில ஒரு நாளு காலையில, லேசாத் தூறல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. ஜன்னல்ல மூணு பூவு. ஊதாவும் வெள்ளையுமா, மஞ்சத்தொண்டையோட.

பவளக்கொடி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம், "சொன்ன சொல்லு சொன்னதுதான். அந்தத் தடியக் குடுங்க"ன்னா.

எந்திரிச்சா. டொக்... ஒரு அடி. "அப்பாடி!" டொக்... ரெண்டு. "அம்மாடி!" டொக்... மூணு. வாசல் வந்துருச்சு. பூவக் கிட்டத்துல பாக்கப் போறா போலன்னு பொன்னுரங்கம் பின்னாடியே கைய விரிச்சுக்கிட்டுப் போனாரு. அவ பூவத் தாண்டிப் போறா! வேலியோரமாப் போறா! வேலிக்கு அந்தப் பக்கம் செங்கமலம் முதுகக் காட்டி நின்னு தக்காளிக்கு எரு வச்சுக்கிட்டு இருக்கா. பக்கத்துல ஒரு மஞ்ச ரோசா.

"பவளம், எங்க போற?"

"சத்தம் போடாதீங்க. யாராச்சும் வர்றாங்களான்னு பாத்துக்கிட்டு நில்லுங்க"ன்னா. தடிய வேலியில சாச்சா, ஒரு கையால வேலியப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கைய மெல்ல அந்தப் பக்கம் விட்டா.

படக்!

செங்கமலம் திரும்பல. ஆனா தோள் ரெண்டும் குலுங்குது. சிரிக்கிறாளா, அழுகுறாளா, தெரியல. தொண்டையச் செருமிக்கிட்டுக் கேட்டா. "பொன்னுரங்கண்ணே, வேலியோரம் யாரது?"

பொன்னுரங்கம் பொஞ்சாதியப் பாத்தாரு. அஞ்சு மாசம் கட்டில்ல கெடந்தவ, ரோசாக் குச்சிய முந்தானையில மறைச்சுக்கிட்டு, ரெண்டு கால்ல நிக்கிறா. கண்ணு மின்னுது. அவரு தூறல்ல நிமிந்து நின்னு, தெருவே கேக்குற மாதிரி, பொறந்ததுல இருந்து சொல்லாத ஒண்ணச் சொன்னாரு.

"யாருமே இல்ல அம்மிணி!"

அவ்வளவுதான் கண்ணு. கதை அவங்க வீட்டுக்குப் போயிருச்சு, நீ உன் தூக்கத்துக்குப் போ.