நேர்கோட்டில் இருபத்திரண்டு

மலைமேலிருக்கும் தேன்பாறை ஊர்க்காரி ஜெயக்கொடி பல்கலைக்கழக விடுதியில் இடம் கேட்டாள். கிடைக்காவிட்டால் படிப்பே இல்லை.

வார்டன் திருஞானம் வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளந்தார். "நேர்கோட்டுல இருபத்திரண்டே கிலோமீட்டர்! தினம் போய்வா. அம்பதுக்கு மேல இருந்தாத்தான் ரூம்."

"ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க சார்."

"வர்றேன். உன் வண்டவாளம் தெரிஞ்சிடும்!"

மூன்று பஸ் மாறி, ஏழு மைல் மலையேறி, பொழுது சாயும் நேரத்தில் அவள் வீட்டு வாசலில் தொப்பென்று உட்கார்ந்தார் வார்டன். "திரும்பிப் போக பஸ் எப்பம்மா?"

"நாளைக்குத்தான் சார்."

"அப்ப இங்கயே தங்கிக்கறேன்."

"அதெப்படிங்க சார்? உங்க விடுதி நேர்கோட்டுல இருபத்திரண்டே கிலோமீட்டர். அம்பதுக்கு மேல இருந்தாத்தான் எங்க வீட்டுல பாய்!"

அவள் நீட்டிய விண்ணப்பத்தைக் கோழிக்கூண்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார் வார்டன். அப்புறம்தான் பாய் விரிந்தது.